எண்ணூற்றுப் பன்னிரண்டாம் எழுத்து

செவ்வாய்க்கிழமை, எளாவூர்.
குட்டை ஓரத்தில் கொடுவாக் குஞ்சுகள்
தலையில் ஆணி அடித்ததுபோல
நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.
உடம்பு கறுத்திருந்தது.
இரை போட்ட கை கண்ணுக்குப் படவில்லை.

பன்னிரண்டு எடுத்தேன்.
கண்ணும் மூளையும் சேர்த்து
கடுகுக்குக் கொஞ்சம் பெரிசாய்
குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி,
ஈரத்தில் அழிந்த எண்களை மறுபடி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஆரம்பாக்கம் செக்போஸ்ட் தாண்டி
தடாவுக்குக் கிழக்கே பெஞ்சலய்யா குட்டை.
அங்கே நோயே இல்லை அன்று.
எடை பார்க்கத்தான் போனது.
வலையில் துள்ளியது இன்னும் கையில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் போன்:
“மேடம், திருகுதுங்க.”

எல்லோரிடமும் ஒரு குற்றவாளி தயாராக இருந்தான்.
அந்தப் பக்கம், சென்னைக் குஞ்சு என்றார்கள்.
இந்தப் பக்கம், ஆந்திரத் தண்ணீர் என்றார்கள்.
டிரைவர் கலீமுல்லா நீர்க்காகத்தைக் காட்டினான்.
அது மின்கம்பியில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது,
சோதனை போடச் சொல்வதுபோல.

வைரஸுக்கு நாலே எழுத்து.
ஏ, யூ, ஜி, சி.
இருநூற்று நாற்பத்தேழு படித்த எனக்கும்
ஐம்பத்தாறு படித்த பெஞ்சலய்யாவுக்கும் நடுவே
அந்த நாலை வைத்துக்கொண்டே
வேலையை முடித்துவிடுகிறது.

படியெடுக்கையில் பிழை விடும்.
விட்ட பிழையையும் விடாமல் படியெடுக்கும்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பின்னால் போகிறோம்.

பொரிப்பகத்து மாதிரியில்
எண்ணூற்றுப் பன்னிரண்டாம் இடத்தில் சி.
பழவேற்காட்டுக் கூண்டு மீன்களிலும் சி.
எளாவூரில் யூ.
பெஞ்சலய்யாவிடம்
யூ.

கணினி மரம் வரைந்தது.
மற்ற கிளைகள் தூரத் தூரமாய்ப் போக
இவை மட்டும்
ஒரே காம்பில் இரண்டு புளியம்பிஞ்சு.
நடுவில் பதினாறு கிலோமீட்டர், ஒரு மாநில எல்லை.
தண்ணீர் வேறு. குஞ்சு வாங்கிய இடம் வேறு.
தீனி, வேலையாள், லாரி எல்லாமே வேறு.

பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினேன்.
அந்த வாரம் இரண்டு கரையிலும் கால் வைத்தவர் பெயர்
ஒன்றுதான்.
ந. திலோத்தமை. கையெழுத்துகூட அழகாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் குளோரின் தீர்ந்துபோயிருந்தது.
டீக்கடைப் பின்னால் குழாயில் வலையை அலசி
சாக்கில் சுருட்டி சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.
காயப் போட்டிருக்கலாம்.
புதனும் வியாழனும் நல்ல வெயில்.

“ஒரு எழுத்துதானே,
தற்செயலாகவும் இருக்கும்” என்றார் சிவகாமசுந்தரி மேடம்.
இருக்கும்.
அறிக்கையில் அதையும் எழுதினேன்.
வலையையும் எழுதினேன்.

தெலுங்கில் வலைக்கு வல என்றுதான் பெயர்.
பெஞ்சலய்யாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
பதினோராயிரம் குஞ்சு.
சுண்ணாம்பு தூவி மூடிய மேட்டில்
நாய் தோண்டாமல் முள் வெட்டிப் போட்டிருந்தார்.
“காயிதத்துல இருக்கா?”
“இருக்கு.”
“உங்க பேரும்?”
“இருக்கு.”
மோட்டாரை நிறுத்தப் போனார்.
நீர் இல்லாத குட்டைக்கு அது
இவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது.

தை கழிந்து மறுபடி போனேன்.
கரை ஏறும் வழியில் நீல டப் ஒன்று,
மூக்கை அறுக்கும் குளோரின் நெடி.
டப்பைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.
இறங்கி நின்றேன்.
முப்பது எண்ணச் சொல்கிறது விதி.
எண்ணி முடித்தும் ஏனோ
கொஞ்சம் நின்றேன்.

வண்டியில் இருந்த வலையை எடுக்கத் திரும்பியபோது
கையை நீட்டி மறித்தார்.
கருவேலங்கிளையில் புது வலை தொங்கியது,
கடைச்சீட்டுகூடப் பிரிக்காமல்.

“வல நாதி” என்றார்.
நாதி என்றால் தெலுங்கில்
என்னுடையது.